ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்: எங்கே தேடுவது?

வழியில் இழுவை விட்டு நின்றுபோகும் வண்டி, மெக்கானிக் முன்னால் மட்டும் சமத்தாக ஓடும். இந்த மாதிரி கோளாறுக்குக் குருட்டாம்போக்கில் பார்ட்ஸ் மாற்றாதீர்கள். எப்போது நிற்கிறது என்று குறித்து வையுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

பெட்ரோல் வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனால் என் முதல் சந்தேகம் இன்ஜின் சுழல்வதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான். கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் வலுக்கும். மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் மட்டும் திணறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் ஓரிரு நொடி பம்ப் உறுமும். உறுமினாலே பம்ப் நல்லது என்று அர்த்தமில்லை. பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்தால் இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம்.

செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் போடுங்கள், இன்னும் உறுதியாகாத (பென்டிங்) கோளாறுக் குறியீடுகள் கிடைக்கலாம். அதற்குமுன் பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பதிவு அழிந்துபோக வாய்ப்புண்டு. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் கையால் அசைத்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் கடைசியில் செய்கிறார்கள்!

ஓட்டத்தில் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.