இன்சுலின் ஒழுங்குமுறைகளை ஒப்பிடுவது எப்படி? கிளினிக்குக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

இன்சுலின் தொடங்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும் கொழும்பில் பலரும் முதலில் விசாரிப்பது, ஒரு நாளைக்கு எத்தனை ஊசி என்பதைத்தான். இன்சுலின் ஒழுங்குமுறைகளை, அதாவது எந்த இன்சுலினை எந்த நேரத்தில் ஏற்றுவது என்ற திட்டங்களை, ஊசிகளை எண்ணி ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். சீனி எந்த நேரத்தில் ஏறுகிறது, நீங்கள் எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டையும் வைத்தே ஒப்பிட வேண்டும். இங்குள்ள படிகள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கானவை. முதலாம் வகையினருக்கு அடித்தள இன்சுலின் (நீண்ட நேரம் மெதுவாக வேலை செய்வது), சாப்பாட்டு நேர இன்சுலின் ஆகிய இரண்டுமே அவசியம்.

படி 1: கொப்பியில் பதியுங்கள்

காலை வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிடத் தொடங்கி 2 மணித்தியாலத்தின் பின்னும், படுக்குமுன்னும் குளுக்கோமீற்றரில் பார்த்து, சாப்பிட்ட நேரத்தையும் அருகில் எழுதுங்கள். ஸ்ட்ரிப் விலை கையைக் கடித்தால், ஒரு நாள் காலைச் சாப்பாட்டைச் சுற்றியும் மறுநாள் மதியத்தைச் சுற்றியும் பார்க்கலாம். வெறும் வயிற்று அளவு மட்டும் போதாது; காலையில் சாப்பிட்ட இடியப்பமும் சொதியும் என்ன செய்தன என்பதை அது காட்டாது. வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வெறும் வயிற்றில் 80–130, சாப்பிட்ட பின் 180க்குக் கீழ் (மில்லிகிராம்/டெசிலீற்றர்) என்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கு வைத்தியர் இதைத் தளர்த்துவதுண்டு.

படி 2: மருந்தின் நேரத்தை அறியுங்கள்

தெளிந்த நீர்போன்ற சொலியூபிள் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு ஏற்ற வேண்டும். அது 6 முதல் 8 மணித்தியாலம் வரை வேலை செய்யும். பால்போல் கலங்கிய ஐசோபேன் ஏறத்தாழ 4 மணித்தியாலத்தின் பின் உச்சத்தை எட்டி, அரை நாளுக்கு மேல் நீடிக்கும். அடித்தள இன்சுலின்களில் ஒன்றான கிளார்ஜின் பெரிய உச்சமின்றி ஏறத்தாழ ஒரு நாள் நிற்கும். 30/70 கலவையில் 30 வீதம் சொலியூபிள், 70 வீதம் ஐசோபேன்.

படி 3: இரண்டையும் பொருத்துங்கள்

காலை அளவு மட்டும் உயர்ந்து, பகலில் இலக்கை ஒட்டியே இருந்தால், இரவில் ஒரு அடித்தள ஊசி பெரும்பாலும் போதுமான தொடக்கம். சாப்பாட்டின் பின் மட்டும் ஏறுபவருக்கு அது உதவாது.

கலவை ஊசியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்பவர் காலை 7 மணிக்கு 20 அலகு கலவை ஏற்றுகிறார் என்று கொள்வோம். அதில் 6 அலகு காலைச் சாப்பாட்டைக் கவனிக்கும். மீதி 14 அலகு 11 மணிக்குப் பின் வலுப்பெறும். வாடிக்கையாளர் கூட்டத்தில் மதியச் சாப்பாடு 3 மணிக்குத் தள்ளிப்போனால், அந்த 14 அலகு காத்திருக்காது. சீனி இறங்கி, கை நடுங்கி வியர்த்துவிடும். அவருடைய கொப்பியில் காலைச் சாப்பாட்டின் பின் 240, மதியத்துக்கு முன் 85 என்று இருந்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஊசியை 6 அலகு கூட்டினாலும் காலைச் சாப்பாட்டுக்குக் கிடைப்பது 1.8 அலகு, 4.2 அலகு ஏற்கெனவே குறைந்திருக்கும் மதிய வேளைக்குப் போகும். இவருக்கு அடித்தள ஊசியுடன் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் தனி ஊசி பொருத்தமாகலாம். குறித்த நேரத்தில் சாப்பிடும் ஓய்வூதியருக்கோ கலவை நன்றாகவே ஒத்துப்போகும். நோன்பு பிடிப்பவர்கள் எந்த ஒழுங்குமுறையிலிருந்தாலும் முன்கூட்டியே வைத்தியரைக் கண்டு பேச வேண்டும்.

படி 4: ஆய்வு சொல்வதையும் பாருங்கள்

கலவை, சாப்பாட்டு நேர, அடித்தள இன்சுலின்களை 708 பேரிடம் ஒப்பிட்ட 4-டி ஆய்வின் மூன்றாண்டு முடிவு 2009இல் வெளியானது. கடந்த ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை அளவு மூன்றிலும் நெருங்கியே இருந்தது: முறையே 7.1, 6.8, 6.9 வீதம். சீனி அளவுக்கு மீறி இறங்குவதும் எடை கூடுவதும் அடித்தள இன்சுலினில் தொடங்கியவர்களிடம் குறைவு. ஆனால், பெரும்பாலானோருக்குப் பின்னர் இரண்டாவது இன்சுலினும் தேவைப்பட்டது. ஆகவே தொடக்கம் எளிதாக இருப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

படி 5: வைத்தியரிடம் கேளுங்கள்

கொப்பியைக் காட்டி, சாப்பாடு பிந்தினால் என்ன செய்வது, எந்த நேர அளவைப் பார்த்து எந்த ஊசியை மாற்றுவது என்று கேளுங்கள். சுயமாக அலகை மாற்ற வேண்டாம். 70க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். ஒழுங்குமுறை மாறிய பின் அதே நேரங்களில் மறுபடி பதிந்து, பழைய பக்கத்துடன் ஒப்பிடுங்கள். எச்பிஏ1சியில் மாற்றம் முழுமையாகத் தெரிய ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும்.