திகாரில் பணியேற்கும் தமிழ்க் காவலர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி திகார் சிறையின் உட்பாதுகாப்பில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறார்கள். உள்ளூர்த் தொடர்பும் இந்திப் பழக்கமும் இல்லாதவர்களைக் கைதிகள் எளிதில் வசப்படுத்த முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். புதிதாக வருபவர் அதை அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் தவறு. 1986 மார்ச்சில், தொடர் கொலையாளி என்று பெயரெடுத்த சார்லஸ் சோப்ராஜ் தமது பிறந்தநாள் என்று சொல்லி மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு, இதே சிறையிலிருந்து வாசல் வழியாகவே வெளியேறினார். இனிப்பை வாங்கி உண்பதற்கு மொழி எதற்கு?

தமிழ் பேசும் கைதி எதிர்ப்பட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. "அண்ணே, நீங்க மதுரைப் பக்கமா?" என்று தொடங்கும் பேச்சு, சில நாளில் வீட்டுக்கு ஒரு போன் செய்து நலம் சொல்லும்படி கேட்பதாக மாறும். அந்த ஒரு அழைப்பே விதிமீறல் என்பதால், அடுத்து பீடிக்கட்டோ சிம் கார்டோ கேட்கும்போது, மறுத்தால் மேலதிகாரியிடம் சொல்லிவிடுவேன் என்று அவர் மிரட்ட இடம் கிடைத்துவிடுகிறது. ஊர்ப் பாசத்தை மறைக்க வேண்டியதில்லை. கோரிக்கை எதுவானாலும் மனுவாக எழுதித் தரச் சொல்லி, உதவிக் கண்காணிப்பாளரிடம் சேர்த்துவிட வேண்டும்.

தலாஷி (சோதனை), முலாகாத் (பார்வையாளர் சந்திப்பு), கிந்தி போன்ற அன்றாடச் சொற்களைக்கூடக் கற்காமல் காலம் தள்ளுவதும் ஆபத்தானது. கிந்தி, அதாவது ஆள் கணக்கெடுப்பு, சரியாக வராமல் அறைகளைப் பூட்டுவதோ திறப்பதோ கூடாது. ஜனவரிக் குளிரில் விடியற்காலையில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருப்பார்கள். குவியல்களை எண்ணிக்கொண்டு நகராமல், ஒவ்வொருவரையும் எழுப்பி முகம் பார்த்து எண்ண வேண்டும். திகார், ரோகிணி, மண்டோலி மூன்றிலும் சேர்த்து 16 சிறைகளில், ஏறத்தாழ 10,000 பேருக்கான இடத்தில் அதைவிட மிகப் பலர் நெருக்கியடித்து இருப்பதால், சலிப்பு வருவது இயல்புதான்.

2023 மே மாதம் திகாரில் எதிர்க்கும்பலைச் சேர்ந்தவர்கள் ஒரு விசாரணைக் கைதியைக் குத்திக் கொன்றார்கள். குற்றுயிராகக் கிடந்த அவரைக் காவலர்கள் தூக்கிச் சென்றபோதும், அவர்கள் கண்ணெதிரிலேயே மீண்டும் தாக்கியது கேமராவில் பதிவானது. நமது படையினர் ஏழு பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நேரத்தில் கை கால் ஓடாமல் போவது மனித இயல்பு என்றாலும், எச்சரிக்கை மணி எங்கே, கூடுதல் ஆட்களை யார் அழைப்பது, யார் கதவை அடைப்பது என்பவற்றை ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் பேசி முடிவு செய்யாததே என் பார்வையில் பெரிய தவறு.

இதற்கு நேர்மாறான தவறு, தேவையின்றிக் கைதிகள் மீது கை நீட்டுவது. கைதி ஒருவரின் உறவினர்களிடம் பணம் கறப்பதற்காக வார்டர் ஒருவர் அவரைச் சித்திரவதை செய்ததைத் திகாரிலிருந்தே சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுத, உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வேலை ஒதுக்குவதில் சாதி பார்ப்பதையும் 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

நடந்ததைப் பணி முடிந்தபின் நினைவிலிருந்து எழுதலாம் என்று பதிவேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நேரம், இடம், உடனிருந்தவர், பயன்படுத்திய பலத்தின் அளவு ஆகியவற்றை அப்போதே எழுதிக் கையொப்பமிட வேண்டும்; இந்தி எழுதத் தெரியாவிட்டால், தெரிந்தவரை எழுதச் செய்து, வாசிக்கக் கேட்டு, பொருள் புரிந்த பிறகே கையொப்பமிட வேண்டும்.