பேன் எடுக்கப் பதினேழு நாள்: ஒரு சீப்பு, ஒரு நாள்காட்டி

மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதமே எங்கள் வீட்டுக்குப் பேன் வந்துவிட்டது. ஒரே பெஞ்சில் நான்கு ரெட்டைப் பின்னல்கள் ஒட்டி உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்தால், பேன் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நடந்தே வந்துவிடும். நான் பேன் ஷாம்பு ஒன்றை வாங்கி, ஒரே ஒரு முறை தேய்த்துக் குளிப்பாட்டினேன். தண்ணீரோடு செத்த பேன்கள் போனதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். பத்தாம் நாள் அவள் மறுபடியும் பிடரியைச் சொறிந்தாள்.

ஷாம்பு பேனைக் கொன்றது, ஈரை விட்டுவிட்டது. 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது' என்று ஊதிப் பெருக்கிப் பேசுகிறவர்களைக் கிண்டல் செய்வோம். ஈர் பேனாவதில் மிகை ஏதும் இல்லை. முடியில் ஒட்டிய முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாளில் பொரியும். அந்தக் குஞ்சு இன்னும் 9 முதல் 12 நாளில் வளர்ந்து தானும் முட்டையிடும். வளர்ந்த பெண் பேன் ஒரு நாளைக்கு எட்டு முட்டை வரை இடும். தலையில் ஒரு மாதம்போல வாழும். ஆகவே முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் குஞ்சுகளைப் பிடித்துவிட வேண்டும். வேலை முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தொடங்குமுன் ஒன்று. பேன் வந்தது உங்கள் வீட்டு அழுக்கால் அல்ல. தினமும் சீயக்காய் தேய்த்த தலையிலும் அது இதே சுகத்தோடு குடியிருக்கும். பேனுக்கு இறக்கையும் இல்லை, தாவும் காலும் இல்லை. பெரும்பாலும் தலையோடு தலை படுவதால்தான் பரவுகிறது. பாட்டியோ அத்தையோ "தலையை ஒழுங்காகக் கழுவினால் வருமா?" என்று கேட்டால், குழந்தை காதில் விழுவதற்குள் பேச்சை மாற்றிவிடுங்கள்.

தேவையானவை

பல் நெருக்கமான பேன் சீப்பு ஒன்று, சாதாரணச் சீப்பு ஒன்று, கண்டிஷனர் அல்லது தேங்காய் எண்ணெய், வெள்ளைத் துணி, ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், நான்கைந்து கிளிப்புகள். முக்கியமானது சீப்பு. வளர்ந்த பேன் எள்ளளவு இருக்கும். அன்று பொரிந்த குஞ்சு அதைவிட மிகச் சிறியது. பற்களுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குஞ்சு தப்பிவிடும். நீண்ட எஃகுப் பற்கள் உள்ள சீப்பு எனக்குச் சரியாக வந்தது. இழுக்கும்போது பல் விரியும் பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம். பாட்டி காலத்து மர ஈர்வலி இருந்தால் ஒட்டிய ஈரை உருவ இன்றைக்கும் அது நல்ல கருவிதான்.

படி 1: பேன்தானா என்று உறுதி செய்யுங்கள்

வெயில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பாருங்கள். வெள்ளைத் துகள் ஊதினால் பறந்தால், விரலால் தட்டினால் உதிர்ந்தால், அது பொடுகு. ஈர் பசைபோல முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் உருவினால்தான் வரும். தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் பழுப்பாக ஒட்டியிருப்பது பொரியக் காத்திருக்கும் ஈராக இருக்கலாம். முடியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடு. உயிருள்ள பேன் ஒன்றையாவது கண்ணால் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அரிப்பை நம்ப வேண்டாம். முதல் முறை பேன் வந்தவர்களுக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அது ஒரு தலைமுறை கண்டிருக்கும்.

அதே நாளில் வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள், கிராப்பு வெட்டிய தம்பியையும் சேர்த்து. என் கணவர் "எனக்கெல்லாம் வராது" என்றார். மூன்று கிடைத்தன.

படி 2: சிக்கெடுங்கள், நனையுங்கள்

வழக்கம்போல் ஷாம்பு போட்டு அலசி, முடி ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனரை வேரிலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவுங்கள். ஈரமும் வழவழப்பும் சேர்ந்தால் பேன் சட்டென்று ஓட முடியாது, பிடியும் நழுவும். எண்ணெய் என்றால் உலர்ந்த தலையிலேயே தடவலாம். வேலை முடிந்து அலசத்தான் கூடுதல் நேரம் ஆகும். பிறகு சாதாரணச் சீப்பால் சிக்கை முழுவதும் எடுத்துவிடுங்கள். இதை அவசரமாகச் செய்தால் அடுத்த படியில் குழந்தை அழும். அடுத்த முறை உங்களைக் கண்டாலே ஓடும்.

படி 3: வகிடு வகிடாக வாருங்கள்

தலையை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மீதிப் பாகத்தில் சீப்பின் அகலத்துக்கு மேல் போகாத சிறு கற்றையாக எடுத்து, பற்கள் தோலைத் தொடும்படி வைத்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: துடைக்காமல் அடுத்த கற்றைக்குப் போனால், எடுத்த பேனை நீங்களே திரும்ப ஏற்றிவிடுகிறீர்கள். முன்நெற்றியில் நேரத்தைச் செலவழிப்பதைவிடக் காதோரத்திலும் பிடரியிலும் இரண்டு முறை வாருங்கள்.

முழங்கை நீளக் கூந்தலுக்கு அரை மணி நேரமாவது ஆகும். மடியில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். முடிந்ததும் கண்டிஷனரை அலசிவிட்டு இன்னொரு முறை முழுத் தலையையும் வாரினால், முதல் சுற்றில் தப்பியவை சிக்கும்.

படி 4: நாள்காட்டியில் குறியுங்கள்

இன்று முதல் நாள் என்றால் 5, 9, 13 ஆகிய நாள்களில் இதே வேலை. 17ஆம் நாள் சரிபார்ப்பு. நான்கு நாளுக்கு ஒரு முறை வாருவதால், இடையில் பொரிந்த குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்குள் சீப்பில் மாட்டும். ஐந்தாம் நாள் ஒன்றும் அகப்படாவிட்டால், ஒன்பதாம் நாளை விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள்.

மருந்து வேண்டும் என்றால்

ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன் மருந்துக் கடைகளில் கிடைக்கும். கழுவித் துவட்டிய முடியில் தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து சரியாக ஒட்டாது. ஒன்பதாம் நாள் வாக்கில் இரண்டாவது முறை தடவுவது அவசியம், ஏனெனில் எல்லா ஈரையும் அது கொல்லாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, தலையில் புண் உள்ளவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடுங்கள். சில பேன்கள் மருந்துக்கு அசராமல் பழகிவிட்டதால், லோஷன் போட்டாலும் சீப்பு வேலை குறையாது.

இந்த மூன்றைத் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் வேண்டாம்: தீப்பிடிக்கும், தோலைப் புண்ணாக்கும். சீத்தாப்பழக் கொட்டைப் பொடி ஊரில் பலரும் சொல்லும் வைத்தியம். அந்தப் பொடி கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கற்பூரம் கலந்த எண்ணெயும் அப்படியே. கற்பூரம் குழந்தையின் உடலுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். கொசு, கரப்பான் மருந்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வீட்டைக் கவிழ்க்க வேண்டாம்

தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஒன்று இரண்டு நாளில் செத்துவிடும். முந்தைய இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சீப்புகளைக் கை பொறுக்காத சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மெத்தையில் மருந்தடிக்க வேண்டாம். நாய், பூனையைக் குளிப்பாட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனிதப் பேன் அவற்றின் மேல் வாழாது.

இதைவிடப் பயனுள்ளது, பக்கத்து இருக்கைக் குழந்தையின் அம்மாவிடம் சொல்வது. எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னதும் அவர் சிரித்தார். அவர் மகளுக்கும் வைத்தியம் ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது, அவரும் எங்களிடம் சொல்லக் கூசியிருக்கிறார்.

17ஆம் நாள் சீப்பில் ஏதாவது கிடைத்தால் அளவைப் பாருங்கள். குஞ்சு என்றால் உங்கள் வாரலில் விட்டுப்போனது. கற்றையை இன்னும் மெலிதாக எடுத்துத் தொடருங்கள். எள்ளளவு பெரிய பேன் என்றால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து புதிதாக வந்தது. அன்றே மறுபடியும் முதல் நாள் என்று குறித்துக்கொண்டு, பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்கிறாள் என்று கேளுங்கள்.