சிரித்தால் சரியும் உடல்: மாத்திரையில் நேரும் தவறுகள்

வாய்விட்டுச் சிரிக்கும்போது தாடை தொங்கி, முழங்கால் மடிந்து, நினைவு தப்பாமலேயே ஒருவர் சரிந்துவிடுவதைக் கேட்டாப்ளெக்ஸி என்கிறோம். பகலில் அடக்கமுடியாத தூக்கம் வாட்டும் நார்கோலெப்சியின் ஒரு வகையில் இது சேர்ந்தே வரும். மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதே காரணம். குமரி மாவட்டத்தில் இதை வலிப்பு என்றோ வர்மம் பட்டது என்றோ எண்ணி வர்ம வைத்தியம் செய்யும் ஆசானைத் தேடிப்போகும் குடும்பங்களும் உண்டு.

நோயை அறிந்த நரம்பியல் மருத்துவர் வென்லாஃபாக்சின், ஃப்ளூஆக்ஸெட்டின், குளோமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை எழுதித் தரும்போதுதான் முதல் தவறு நேர்கிறது. சீட்டைப் பார்த்த உறவினர் "இது மனசுக்குச் சொகமில்லாதவங்களுக்குள்ள குளிகையாக்கும்" என்றதும் மாத்திரை நின்றுபோகிறது. கனவுத் தூக்கத்தின்போது தசைகளுக்கு இயல்பாக வரும் தளர்ச்சி விழிப்பில் நுழைவதே கேட்டாப்ளெக்ஸி என்பதால், அந்தத் தூக்கத்தை அடக்கும் இம்மருந்துகள் அதையும் தடுக்கின்றன. மனச்சோர்வுக்கு வாரங்கள் எடுப்பவை இதற்குச் சில நாட்களிலேயே பலன் தருவதும் உண்டு.

திடீரென நிறுத்தினால் நோய் பழைய அளவுக்கு மட்டும் திரும்புவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் சரிவுகள் வரக்கூடும். வென்லாஃபாக்சின் உடலைவிட்டு விரைவில் வெளியேறுவதால் ஒரு வேளை மாத்திரை தவறினாலே சிலருக்கு அதன் விளைவு தெரியும். விடியுமுன் நெற்றிவிளக்குடன் கத்தி பிடித்து ரப்பர் பால்வெட்டுபவருக்கு அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சபரிமலைக்கு மாலை போட்டாலும் மாத்திரைக்கு விரதமில்லை. நிறுத்தவேண்டியிருந்தால் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

இம்மாத்திரை பகல் தூக்கத்தைப் போக்காது. அதற்கு மொடாஃபினில் போன்றவை வேறு. சரிவு நின்றுவிட்டது என்று மார்த்தாண்டம் சாலையில் பைக்கை எடுப்பது தவறு.

தூக்க ஆய்வுக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள், இம்மருந்துகள் முடிவை மாற்றிவிடும் என்பதால், எப்போது எப்படி நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டறியவேண்டும். ஃப்ளூஆக்ஸெட்டின் உடலைவிட்டு நீங்கவே வாரக்கணக்காகும்.

வென்லாஃபாக்சின் உண்பவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். வலிக்கு டிரமடால் எழுதுகிற மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் அளவுமீறலாம். தேள்கடிக்குத் தரும் பிராசோசின் கேட்டாப்ளெக்ஸியைக் கூட்டக்கூடியது. அதற்காக அம்மருந்தை மறுக்கக்கூடாது, விஷத்தின் ஆபத்தே பெரிது. ஆனால் பணியிலிருக்கும் மருத்துவரிடம் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.