மலைமேல் ரிப்பேர் வேண்டாம்: ஏற்காட்டு லெட்டர்பாக்ஸ்களுக்கு நான் கட்டும் பழுதுப் பை

போன ஐப்பசியில் என் மூன்றாவது பெட்டியைத் திறந்தால், உள்ளே நோட்டுக்குப் பதில் ஊறவைத்த அவல் மாதிரி ஒன்று இருந்தது. பெட்டியில் ஓட்டை இல்லை. மூடியும் விலகவில்லை. தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதே நான்தான் என்று புரிய, இன்னும் இரண்டு முறை மலை ஏற வேண்டியிருந்தது.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: லெட்டர்பாக்ஸ் என்றால் இங்கே தபால் பெட்டி இல்லை. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. ஒளித்து வைத்த பெட்டிக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நோட்டும் இருக்கும். குறிப்புகளை வைத்துத் தேடி வருபவர் பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார், தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதிப்பார். ஸ்டாம்ப் செதுக்குவது, குறிப்பு எழுதுவது எல்லாம் இந்தப் பதிவில் இல்லை. வைத்த பெட்டியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது மட்டும்தான்.

என்னுடைய மூன்றும் தெரிந்தவர்களின் காபித் தோட்ட ஓரங்களில், கேட்டுக்கொண்டு வைத்தவை. காப்புக்காட்டுக்குள் வைக்காதீர்கள். அங்கே நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும்.

முதலில் ஒரு விதி

மலைமேல் மாற்று, வீட்டில் பழுது பார். பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரே விதிதான் தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் நான் பசை, ஊசி நூல், உப்புத்தாள், கத்தி என்று ஒரு தச்சுப் பட்டறையையே தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறினேன். அதில் முக்கால்வாசியைத் தொடவே இல்லை. தொட்டதும் சொதப்பியது.

உதாரணம் பசை. மரக்கட்டையிலிருந்து ஸ்டாம்ப் ரப்பர் கழன்றிருந்தது. செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் ஆறவிட்டு, அழுத்தினேன். சேலத்து வீட்டில் கல் மாதிரி ஒட்டும். அன்று மேலே பனிமூட்டம். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருந்த ஈரம் அதன்மேல் படிந்துவிட்டது. பிறகு என்ன அழுத்தினாலும் ஒட்டவில்லை. சூப்பர் குளூ ஈரத்தில் சீக்கிரம் இறுகும், ஆனால் சுற்றிலும் வெள்ளைப் பூச்சு பூக்கும், ரப்பரும் விறைத்துப்போகும். அப்புறம் பசையையே பையிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மாற்று ஸ்டாம்ப். செதுக்கும்போதே இரண்டாகச் செதுக்கிவிடுங்கள்.

பையில் இருப்பவை

உலர்ந்த நோட்டு, பெட்டிக்கு ஒன்று. ஏ4 தாளைப் பாதியாக மடித்து நடுவில் நூலால் தைத்தது. ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.

பென்சில் இரண்டு, சின்ன ஷார்ப்னர் ஒன்று. ஜெல் பேனாவைப் பெட்டியில் வைப்பது பாவம். ஈரம் பட்டால் வந்தவர் எழுதியதெல்லாம் நீலக் குட்டையாகிவிடும். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. ஸ்டாம்ப் பேடுக்கும் இதே கதைதான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பேடில் இருப்பது கரையும் சாயம். தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை கிடைத்தால் அதை வாங்குங்கள், விலை கூடுதல்தான். நான் இப்போது பெட்டிக்குள் பேடே வைப்பதில்லை, "பேடு கொண்டு வரவும்" என்று குறிப்பிலேயே எழுதிவிட்டேன்.

பழைய பருத்தி வேட்டித் துணி நான்கு துண்டு. மைக்ரோஃபைபர் என்று கடையில் விற்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஒன்று நனைந்தால் பிழிந்து போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

பழைய டூத்பிரஷ். இது எதற்கு என்று கீழே.

ஜிப் கவர் ஏழெட்டு, பெரியதும் சின்னதும். குப்பைக்கு ஒரு கவர். டக்ட் டேப்பை முழு உருளையாகத் தூக்காமல், காலாவதியான ஏடிஎம் கார்டில் பத்து சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். ஈர பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு காலிப் பெட்டி. மூன்று பெட்டிக்கும் ஒரே அளவு, ஒரே ரகம் வாங்கியிருந்தால் ஒரு உபரி போதும். நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும், கழற்றக்கூடிய சிலிக்கோன் வளையம் உள்ள டிபன் டப்பாதான் என் தேர்வு. திருகு மூடி பாட்டிலில் மண் புகுந்தால் மரையைச் சுத்தம் செய்யவே உயிர் போகும். வாங்கியதும் உள்ளே ஒரு செய்தித்தாள் துண்டைப் போட்டு மூடி, மேலே கல் வைத்து, வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி அமிழ்த்தி வையுங்கள். காலையில் தாள் மொறுமொறுவென்று இருந்தால் மலைக்கு அனுப்பலாம்.

இவை போக ஒரு குச்சி. பொந்துக்குள் கை விடுவதற்கு முன் குச்சியை விடவும். விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

என்னைக் கவிழ்த்த படி: மூடுவது

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

அந்த அவல் சம்பவத்துக்கு முந்தைய தடவை, நோட்டு லேசாக ஈரமாக இருந்தது. பாறைமேல் அரை மணி நேரம் காயவைத்தேன். தொட்டால் காய்ந்திருந்தது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, மூடி, கிளம்பிவிட்டேன். தப்பு அங்கேதான். தாள் தொடுவதற்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் இழைக்குள் ஈரத்தை வைத்திருக்கும். பெட்டியில் அடைபடும் காற்றிலிருக்கும் ஈரம் ஒன்றுமே இல்லை, நோட்டுக்குள் இருப்பதுதான் கிராம் கணக்கில் வரும். பகலில் வெயில் பட்டுப் பெட்டி சூடானால் நோட்டு ஈரத்தை வெளியே விடும். ராத்திரி மூடி குளிர்ந்தால் அது துளியாகப் படிந்து மறுபடி நோட்டின்மேலேயே சொட்டும். தினம் தினம் இதே கூத்து. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தால் சொட்டுமே, அதேதான்.

அந்தச் சிலிக்கா ஜெல்? செருப்பு டப்பாவில் வந்து, ஆறு மாதம் மேசை டிராயரில் திறந்து கிடந்தது. மலைக்கு வரும் முன்பே அதன் வயிறு நிரம்பியிருந்தது.

இப்போது நான் செய்வது இப்படி. ஈர நோட்டை மலையில் காயவைப்பதே இல்லை, ஜிப் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். கீழே சேலத்து வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, கவரில் அடைத்து வைத்த நோட்டுதான் அந்த இடத்துக்குப் போகும். டப்பாவின் உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் மறுபடி துடைக்கிறேன். பிறகு சிலிக்கோன் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தை டூத்பிரஷால் தேய்க்கிறேன். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தால்கூட அந்த வழியாக ஈரம் வரும். வளையத்தைத் திரும்பப் பொருத்தும்போது முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். கடைசியில் நான்கு கிளிப்பையும் எதிரெதிராக அழுத்தவும்.

மழையிலோ பனிமூட்டத்திலோ திறக்க நேர்ந்தால் குடைக்குக் கீழே, ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். மாற்றும் பொருட்கள் கவரில் தயாராக இருந்தால் ஒரு நிமிடம் தாராளம்.

சின்ன விஷயம்: கீழே இறுக்கி மூடிய உபரி டப்பா மேலே போனதும் உப்பிக்கொள்ளும். பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500. மேலே போய் ஒரு முறை கிளிப்பைத் தளர்த்தி மூடினால் சரி.

கேள்விகள் வந்த பிறகு சேர்த்தது

சிலிக்கா ஜெல்லை மறுபடி பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் ரகத்தை வாங்கி, சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் நிறம் திரும்பும். நீல ரகம் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கும்.

கொல்லிமலையில் பெட்டி வைத்திருக்கும் ஒருவரின் ஸ்டாம்ப் டப்பாவின் அடியில் உருகி ஒட்டிக்கொண்டதாம். அழிரப்பரில் செதுக்கியது. ஸ்கூல் பாக்ஸில் அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலில் ஒட்டிக்கொள்ளுமே, அதே விஷயம். ரப்பரை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது. ஒரு துண்டு வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

இன்னொன்று என் சொந்தக் குட்டு. முதல் பெட்டியில் லேபிளை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருந்தேன். காபி பறிக்க வந்த ஒரு அக்கா, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குச்சியால் தள்ளிப் பள்ளத்தில் உருட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? செதுக்கியிருந்தது ஆந்தை, சிவப்பு மையில்.

அதனால் பையில் இப்போது தமிழ் லேபிளும் இரண்டு உண்டு. வாசகம் கேட்டவர்களுக்கு, இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்: "இது விளையாட்டுப் பெட்டி. தோட்டக்காரர் அனுமதியோடு வைத்தது. உள்ளே நோட்டும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும்தான். திறந்து பாருங்கள், பென்சிலில் பெயர் எழுதுங்கள், இறுக்கி மூடுங்கள்."