பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை முதல் மாதத்திலேயே இழந்துவிடாதீர்கள்

சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇ-யின் வேலை-கல்வி டிப்ளோமாவில் சேரும் மாணவரை ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துச் சம்பளமும் கொடுக்கிறது. சம்பளம் உண்டே, அப்புறம் என்ன கஷ்டம் என்று நினைப்பதுதான் வேலையிடத்தில் அவர்களை மேற்பார்வை பார்க்கும் நாம் செய்யும் முதல் தவறு.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது வேலை நியமனச் சட்டம். 1ஆம் தேதி சேர்ந்தவருக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி தந்தாலும் சட்டப்படி சரி. சேமிப்பே இல்லாத வீட்டில் அந்த ஐந்து வாரத்தை எப்படி ஓட்டுவது?

நான் மேற்பார்வை பார்த்த ஏர்கான் வேலையிடத்தில் ஒரு பையன் மூன்றாவது வாரம் இரண்டு நாள் வரவில்லை. ‘பொறுப்பில்லை’ என்று எழுதிவிட்டோம். திங்கட்கிழமை கேட்டபோது, “அண்ணே, பஸ் கார்டுல காசு இல்ல” என்றான். பாதுகாப்புக் காலணியைத் தன் காசிலேயே வாங்கியிருக்கிறான். ரசீதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை, அவனுக்கும் வாய் வரவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. காலணியும் கையுறையும் நாம் தர வேண்டியவை. முதல் மாதப் பேருந்துச் செலவுக்குக் கொஞ்சம் முன்பணமும் கொடுங்கள். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்தது, “புரிஞ்சுதா?” என்ற கேள்வி. பள்ளியில் பலமுறை திட்டு வாங்கிய பிள்ளை தலையைத்தான் ஆட்டும். செம்புக் குழாயை அறுத்ததும் உள்விளிம்புப் பிசிறை எடுக்காமல் ஃபிளேர் போட்டால், அதாவது இணைப்புக்காக முனையை விரித்தால், கேஸ் கசியும். இதை வாயால் பத்து முறை சொல்வதைவிட, ஒரு துண்டுக் குழாயைக் கையில் கொடுத்து, “எனக்குச் செய்து காட்டு” என்று கேளுங்கள். தவறினால் வாடிக்கையாளர் முன்னால் கத்த வேண்டாம்.

மாதக்கணக்கில் ஏணி தூக்கவும் காப்பி வாங்கவும் மட்டும் அனுப்புவது பயிற்சியே இல்லை.

உடற்குறையுள்ளவர் வந்தால், “இது இவரால் முடியாது” என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். எது சிரமம், எப்படி மாற்றினால் எளிது என்று அவரிடமே கேட்கலாம். வேலையை மாற்றியமைக்கும் செலவுக்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் மூலம் மானியம் கிடைக்கும். அந்த அமைப்பு இருக்கும், லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜுக்கு ஒரு நடை போய், ஆளை எடுப்பதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.