அறை எண் இல்லாமல் கப்பல் பயணம் புக் செய்தல்

சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து குடும்பமாகக் கப்பல் ஏறும்போதெல்லாம் புக்கிங் என் தலையில்தான். 'கேரண்டி' அறை என்றால் வகையை மட்டும் நாம் சொல்கிறோம்: ஜன்னல் இல்லாத உள்ளறையா, பால்கனியா என்று. அறை எண்ணை நிறுவனம் பிறகுதான் தரும், சில சமயம் கிளம்பச் சில நாள் இருக்கும்போது. பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் அறைகள் பக்கத்துப் பக்கத்தில் அமையும் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அதனால் நான் பிரித்துவிடுவேன். அம்மாவுக்கும் கைக்குழந்தையோடு வரும் தங்கைக்கும் கூடுதல் பணம் கட்டி, கப்பலின் நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில் எண்ணோடு எடுப்பேன். ஆட்டம் குறைவு, விடியற்காலையில் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தமும் இருக்காது. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கேரண்டி போதும், தூங்க மட்டும்தானே அறைக்கு வருவார்கள்!

அப்புறம், எல்லா புக்கிங் எண்களையும் இணைக்கச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை கேட்க உதவும், அறைகளை நெருக்கமாக்காது. ஒதுக்கிய அறை பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவது அவர்கள் இஷ்டம். சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்குக் கேரண்டி அறையை எடுக்கவே எடுக்காதீர்கள். பெட்டியில் கட்டும் சீட்டை அறை எண் வந்தபிறகு அச்சிடுங்கள்.